பனிவிளக்கும் மின்கம்பியும்



மார்கழித் திங்களில், வைட்ஃபீல்டிலிருந்து விடியுமுன் புறப்பட்டு ஓசூர் வழியாக ஊர் செல்வோர் நம்மில் பலர். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இப்பீடபூமியில், சில நாட்களில் அந்நேரம் மூடுபனி சாலையை மறைத்து நிற்கும். முகப்பு விளக்கின் ஒளி பனித்துளிகளிற் பட்டுச் சிதறி, ஓட்டுபவர் கண்ணையே கூசச் செய்யும். பம்பரின் கீழே தாழ்வாக அமைந்து, மேலெழாது அகன்று ஒளி வீசும் பனிவிளக்கு இத்துன்பத்தைக் குறைக்கிறது. ஆதலின் பலர் அதனை வாங்கிப் பொருத்துகின்றனர். ஆனால், அதற்கு மின்சாரம் செல்லும் வழியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அவ்வழி பிழைபடின், வழிகாட்ட வந்த விளக்கே வண்டிக்குத் தீ மூட்டிவிடும்.

முதலில் கணக்கைக் காண்போம். 55 வாட் விளக்குகள் இரண்டிற்கு 110 வாட். காரின் பாட்டரி 12 வோல்ட். வகுத்தால், ஏறத்தாழ 9 ஆம்பியர். வீட்டில் 230 வோல்ட்டில் இதே 110 வாட்டிற்கு அரை ஆம்பியரே போதும். வோல்ட் குறைந்ததால் ஆம்பியர் மிகுந்தது. கம்பியைச் சூடாக்குவது இந்த ஆம்பியரே.

0.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக்கம்பி 4 மீட்டருக்கு ஏறத்தாழ 0.15 ஓம் தடையுடையது. 1827-இல் ஓம் என்னும் அறிஞர் வெளியிட்ட விதிப்படி, 9 ஆம்பியர் ஓடும்போது 1.3 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே கழிந்துவிடும். விளக்கு மங்கும், 12 வாட் வெப்பம் கம்பியில் தங்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின், இழப்பும் வெப்பமும் ஐந்தில் ஒரு பங்காகும்.

இனி, முகப்பு விளக்கின் கம்பியைச் சுரண்டிப் புதுக்கம்பியை முறுக்கிவிடுதல் கூடாது. அக்கம்பியும் அதன் சுவிட்சும் இவ்வளவு சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இங்குதான் ரிலே துணைசெய்கிறது. அதனுள் உள்ள மின்காந்தத்தை இயக்க ஆம்பியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போதும். சுவிட்ச் அதை மட்டும் தாங்கும். 9 ஆம்பியர் வேறு வழியே ஓடும். சுவிட்ச் கட்டளையிடும், ரிலே சுமக்கும் எனலாம். ரிலேயின் கால்களில் எண்கள் உண்டு. 30 பாட்டரியிலிருந்து வருவது. 87 விளக்குக்குச் செல்வது. 86 சுவிட்சிலிருந்து வருவது. 85 வண்டியின் இரும்புடலோடு, அதாவது எர்த்தோடு, சேர்வது.

30-ஆம் காலுக்கு வரும் கம்பியில், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருத்தல் வேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கையன்று, கம்பியையே. கம்பியின் உறை தேய்ந்து இரும்பில் உரசினால், ஃபியூஸ் உருகி மின்சாரத்தை நிறுத்தும். விளக்கருகே அதனை வைத்தால், அதற்கு முன்னுள்ள கம்பி முழுவதும் காவலின்றிக் கிடக்கும். அடிக்கடி உருகுகிறதென்று பெரிய ஃபியூஸ் இடுவது நோயை விட்டுக் காவலனை விரட்டுவதாகும்.

எல்.இ.டி. விளக்காயின் ஆம்பியர் குறையும், முறை மாறாது. வாட்டைப் பார்த்து ஃபியூஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலை தொடங்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுதல் நலம்.

தோழர்களே, விளக்கு எரிந்ததும் மனநிறைவு கொள்ளாதீர்கள். பொருத்துபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ரிலே உண்டா? ஃபியூஸ் எங்கே? கம்பியின் பருமன் என்ன? மூன்றிற்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே பனியிற் புறப்படுங்கள்.