ஏரி எங்கே இருந்தது என்று கேள்

மயிலாப்பூர்

அன்புள்ள செந்திலுக்கு,

மாமா எழுதுவது. இங்கே சென்னையில் வேலை கிடைத்து, தி.நகர், அடையாறு பக்கம் வீடு தேடுகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். வாடகையும் மெட்ரோ ஸ்டேஷன் தூரமும் நீயே விசாரித்துக்கொள்வாய். நான் சொல்வது வேறு. இந்த ஊரை மன்னார்குடிக்காரன் கண்ணால் பார். மேடு எது, பள்ளம் எது, வடிகால் எங்கே போகிறது என்று நிலம் வாங்கப் போனால் உன் தாத்தா கேட்பாரே, அதையே இங்கேயும் கேள்.

தி.நகரை எடுத்துக்கொள். நூறு வருஷத்துக்கு முன் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக ஒரு ஏரி கிடந்தது. மாம்பலம் அதன் கரையில் ஒரு கிராமம். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். புதிய நகருக்குப் பிட்டி தியாகராயர் பெயர், நடுவில் பூங்காவுக்கு முதலமைச்சராயிருந்த பனகல் ராஜா பெயர். மிச்சமிருந்த ஏரியும் பிறகு போனது. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. நின்று பார், காய்கறி வண்டி தெரியும்.

மழைநீர் மட்டும் பழையபடி அந்தப் பள்ளத்துக்கே வருகிறது. அதை நந்தனம் வழியாக அடையாற்றில் கொண்டு சேர்க்க மாம்பலம் கால்வாய் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் 2021 நவம்பர்தான். ஜி.என். செட்டி ரோடு சுற்றுவட்டாரத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள்.

அடையாறு வேறு விதம். ஆறு சுமார் 42 கிலோமீட்டர்தான் நீளம், வருஷத்தில் பாதி நாள் சாக்கடை. ஆனால் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம் அதில் விழுகிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். வழியில் மற்ற ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரத்தில் ஆற்றோர வீடுகளின் தரைத்தளம் முழுகிவிட்டது. கழிமுகத்தில் மணல் திட்டு முகத்துவாரத்தை அடைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடு. ஆற்றுப் பக்கம் பால்கனி வைத்த வீட்டுக்குப் புரோக்கர் கூடுதல் வாடகை கேட்பான், அது அவன் சாமர்த்தியம்.

பெசன்ட் நகர் மணல் பூமி, மழை சீக்கிரம் உள்ளே இறங்கும். கோடையில் எல்லோரும் போர் போட்டு உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும். குழாயைத் திறந்து ஒரு வாய் ருசி பார்க்காமல் அங்கே பேச்சே வேண்டாம்.

பிழைப்புக்குக் குறைவில்லை. பனகல் பார்க் சுற்றித் தங்கம், ரங்கநாதன் தெருவில் பாத்திரத்திலிருந்து பாவாடை வரை, மயிலாப்பூரில் வக்கீல், ஆடிட்டர், மெஸ். ஐ.ஐ.டி.யும் கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் அடையாற்றுப் பக்கம். இத்தனைக்கும் நடுவில் நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் இன்னும் கடலுக்குப் போகிறார்கள். வஞ்சிரம் வேண்டுமென்றால் சூப்பர் மார்க்கெட் போகாதே, காலையில் குப்பத்துக்குப் போ.

சுற்றிப் பார்க்க அவசரமில்லை. 1882-இல் பிரம்மஞான சபை அடையாற்றங்கரையில் வாங்கிய தோட்டத்து ஆலமரம், 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா, கிண்டியில் மான்கள் எல்லாம் எங்கேயும் போய்விடாது. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவுக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு வா. அன்றைக்கு மாட வீதியில் வண்டி வராது.

வீடு பிடித்துப்போனால் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் 2015-லும் 2021-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேள். வீட்டுக்காரரைவிட அவர் நேராகச் சொல்வார். கரண்ட் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பார். பழைய வீட்டில் அதைப் புதிதாகத் தலைக்கு மேலே மாற்றியிருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டு மேல் மாடி இருந்தால் பார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்கு ஒரு போன் பண்ணு, மழை பெய்கிற நாளாகப் பார்த்து இருவரும் ஒரு தடவை போய்விட்டு வரலாம்.

உன் மாமா