கோழிப்பண்ணைக்கு வந்த லங்காஸ்டர்

அன்புள்ள வாசகருக்கு,

இங்கிலாந்தின் லிங்கனில் இருக்கும் மகள் உங்களை ஈஸ்ட் கர்க்பி விமான தளத்துக்கு அழைத்துப் போகப் போவதாகவும், "பழைய கட்டடத்தில் பார்க்க என்ன இருக்கப் போகிறது?" என்றும் எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போய்வாருங்கள்.

அந்தத் தளம் இருக்கும் லிங்கன்ஷயர் மேடுபள்ளம் குறைந்த விவசாய பூமி. ஜெர்மனியை நோக்கிய கிழக்குக் கரையில் இருப்பதால், இரண்டாம் உலகப் போரில் அங்கே வயல்கள் பல ஓடுபாதைகள் ஆயின. ஈஸ்ட் கர்க்பி தளம் 1943 ஆகஸ்டில் திறந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 57, 630 என்ற இரண்டு படைப்பிரிவுகளின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்துதான் இரவு நேரத்தில் பெர்லின் போன்ற நகரங்கள்மேல் குண்டு வீசப் போயின. ஒரு விமானத்தில் ஏழு பேர். விமானம் விழுந்தால் பெரும்பாலும் ஏழு பேரும் போனார்கள்.

எல்லாமே அவசரக் கட்டடங்கள். ஒற்றைச் செங்கல் சுவர், மேலே சிமெண்ட் பூச்சு. போர் முடியும்வரை நின்றால் போதும் என்பதுதான் கணக்கு. வீரர்கள் படுத்தது, நெளிதகரத்தை அரைவட்டமாக வளைத்துக் கவிழ்த்த நிஸ்ஸன் கொட்டகைகளில். குளிருக்கு, நடுவில் ஓர் இரும்பு அடுப்பு. எதிரியின் ஒரு தாக்குதலில் எல்லாம் அழிந்துவிடக் கூடாதென்று தங்குமிடங்களை ஓடுபாதையிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போட்டார்கள். சைக்கிள் இல்லாமல் காரியம் நடக்காது. இப்படிப்பட்ட தளங்களைச் சுற்றி, சம்பந்தமே இல்லாத தோப்புக்குள் திடீரென்று ஒரு சுவர் தென்படுவது இதனால்தான்.

போருக்குப் பின் இவற்றைப் பெரும்பாலும் யாரும் போற்றிப் பாதுகாக்கவில்லை. ஓடுபாதைக் கான்கிரீட்டைப் பல ஊர்களில் சாலை போடப் பெயர்த்தார்கள். தானியமோ பன்றியோ அடைக்க உதவிய கொட்டகை பிழைத்தது, உதவாதது விழுந்தது. மரியாதையைவிட உபயோகம் அதிகம் காப்பாற்றியிருக்கிறது என்பேன்.

ஈஸ்ட் கர்க்பியில் கதை வேறு. ஃப்ரெட், ஹரால்ட் பான்டன் என்ற சகோதரர்கள் தளம் இருந்த நிலத்தில் கோழி வளர்த்தார்கள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டோபர், 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க் மீது நடந்த தாக்குதலில் இறந்தவர். வயது 19. அந்த ஓர் இரவில் பிரிட்டன் தரப்பு 95 விமானங்களை இழந்தது. அண்ணன் நினைவாக, தம்பிகள் என்எக்ஸ்611 என்ற லங்காஸ்டரை வாங்கிவந்து அங்கே நிறுத்தினார்கள்; கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் சீரமைத்தார்கள்.

இதில் ஒன்று கவனியுங்கள். கிறிஸ்டோபர் இந்தத் தளத்திலிருந்து பறந்தவர் இல்லை. அவர் போன விமானமும் லங்காஸ்டர் இல்லை, ஹாலிஃபாக்ஸ் என்ற வேறு வகை. இந்த லங்காஸ்டரோ 1945 ஏப்ரலில் தயாரானது, போரில் குண்டே போட்டதில்லை. பிறகு பிரெஞ்சுக் கடற்படையில் வேலை பார்த்தது. இதையெல்லாம் ஒரு குறையாக எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தம்பிகளுக்குக் கிடைத்த இடமும் விமானமும் இவைதான்.

கோபுரம் என்றாலும் இரண்டு மாடிக் கட்டடம்தான். மாடி ஏறி ஓடுபாதைப் பக்கம் பாருங்கள். 1945 ஏப்ரல் 17 அன்று, புறப்படத் தயாரான விமானங்களிடையே குண்டு வெடித்துப் பல லங்காஸ்டர்கள் எரிந்தது இந்தத் தளத்தில்தான்.

குறிப்பிட்ட சில நாட்களில் என்எக்ஸ்611 ஆட்களை ஏற்றிக்கொண்டு தரையில் ஓடும். நான்கு மெர்லின் இன்ஜின்களும் ஒவ்வொன்றாக உயிர்பெறும். அந்த நாள் எது என்று மகளை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். திறந்தவெளிக் காற்று ஆளைத் தள்ளும், ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்