அப்பாவோட பிபிஓ-ல அம்மா பேர் சரியா இருக்கா?

டெர்ம் இன்சூரன்ஸ் எடுத்தாச்சானு அடிக்கடி கேட்பேன். இன்னிக்குக் கேள்வி வேற. உங்க அப்பா எக்ஸ்-சர்வீஸ்மேனா? அப்போ அவரோட பென்ஷன் ஆர்டரை, அதாவது பிபிஓ-வை, ஒரு தடவை முழுசா படிங்க.

நம்ம புதுச்சேரியில் இது கூடுதல் தலைவலி. பிரெஞ்சு பாணியில் 'உ' ஒலிக்கு 'ஓ', 'யூ' ரெண்டு எழுத்தையும் சேர்த்துப் போடுவாங்க. முருகன், முத்து, குப்புசாமி எல்லாம் பழைய பிறப்புப் பதிவில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் வேறொண்ணு. அப்பா இருக்கிறவரை பென்ஷன் பாட்டுக்கு வரும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அவருக்குப் பிறகு அம்மா குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் ஃபைல் நிக்கும். அம்மாவோட பிறந்த தேதியும் முக்கியம். 80 வயசுல கிடைக்கிற 20% கூடுதல் ஓய்வூதியம் அதை வச்சுதான்.

பேங்கில் போய்க் கேட்டுப் பிரயோஜனமில்ல. பதிவு இருப்பது ரெக்கார்ட் ஆபீஸில்: மெட்ராஸ் ரெஜிமென்ட் ஜவான்னா வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு. அவங்க சரிபார்த்து அனுப்பினா, பிரயாக்ராஜில் உள்ள பிசிடிஏ (பென்ஷன்ஸ்) திருத்தின பிபிஓ தரும். ஸ்பர்ஷ் போர்ட்டலில் இருந்தா, லாகின் பண்ணி விவரங்களைப் பார்த்துடலாம். அப்பா கையெழுத்துப் போடும்போதே முடிச்சிடுங்க.

விருது விடுபட்டிருந்தா அதையும் எழுதிக் கேளுங்க. பரம் வீர், மகா வீர், வீர் சக்ரா மாதிரி அரசு அறிவித்த வீர விருது வாங்கினவரோட பென்ஷனுக்கும், அவர் குடும்ப ஓய்வூதியத்துக்கும், வருமான வரியில் முழு விலக்கு. நீண்டகால சேவைப் பதக்கத்துக்கு இது கிடையாது, கேட்காதீங்க!