நெட் அறுபடுவது வீட்டுக்குள்ளா, வெளியிலா?

தம்பி, திண்டிவனத்து வீட்டிலேயே உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாய். மீட்டிங் நடுவே நெட் போனால் எப்படிப் பதறும் என்று எனக்குத் தெரியும். உடனே ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி போகும். கேபிள்காரரைக் கூப்பிட்டால், அவர் வந்து நிற்கும்போது நன்றாகவே ஓடும். அதனால் முதலில் ஒன்றை மட்டும் கண்டுபிடி. லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில் அறுபடுகிறதா, ரூட்டரைத் தாண்டி வெளியே அறுபடுகிறதா? இது தெரியாமல் எதை வாங்கிப் போட்டாலும் காசுதான் தண்டம்.

விண்டோஸ் பட்டனைத் தட்டி, சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடித்து எண்டர் கொடு. கறுப்புத் திரை வரும். அதில் பிங் என்று அடித்து, இடம் விட்டு, ரூட்டர் முகவரியைக் கொடு. முகவரி பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கடைசியில் இடம் விட்டு, மைனஸ் குறியும் டி எழுத்தும் சேர்த்தால் நீ நிறுத்தும்வரை ஓடும். இன்னொரு கறுப்புத் திரையைத் திறந்து, கூகுளின் 8.8.8.8 முகவரிக்கும் இதையே ஓட விட்டு, உன் வேலையைப் பார். நெட் போகும் நொடியில் இரண்டு திரையிலும் 'டைம்டு அவுட்' என்று வந்தால் கோளாறு வீட்டுக்குள். ரூட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்து 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு வெளியே, லைனில். அதே நேரம் அம்மாவின் போனிலும் வைஃபை போனதா என்று கேள். போனிலும் போயிருந்தால் ரூட்டரைப் பார். லேப்டாப்பில் மட்டும் என்றால் லேப்டாப்பைப் பார்.

வீட்டுக்குள் என்றால் முதல் சந்தேகம் ரூட்டர் இருக்கும் இடம்தான். நம் பக்கத்தில் பல வீடுகள் வாசலிலிருந்து கொல்லை வரை நீளமாக, அறைக்குப் பின் அறையாகப் போகும். கேபிள்காரர் வாசல் பக்கம் லைனை இழுத்து, டிவிக்குப் பின்னால் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். நீ கடைசி அறையில் இருப்பாய். நடுவில் மூன்று சுவர், ஒரு இரும்பு பீரோ. பீரோவும் ஃபிரிட்ஜும் சிக்னலை மறிக்கும், தண்ணீர்த் தொட்டி உறிஞ்சும். பெட்டியை நடு அறைக்குக் கொண்டுவந்து, தலை உயரத்தில், எதற்குப் பின்னாலும் ஒளிக்காமல் மாட்டச் சொல். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒட்டினாற்போல் மட்டும் வேண்டாம்; மே மாத வெயிலில் சூடேறிப் பெட்டியே நின்றுவிடும்.

இப்போதைய ரூட்டர் பலவற்றில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் நெருக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் இதிலிருந்து அதற்குத் தாவும்போது மீட்டிங் அறுபடலாம். ரூட்டர் செட்டிங்கில் இரண்டு பெயராகப் பிரித்து வை. பக்கத்து அறை என்றால் 5, தூரமென்றால் 2.4. 2.4-ல் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததாகப் பார்த்துப் போடு. அந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் இன்னும் பல வீடுகளில் ஓடுகிறது. 5-இன் பெயர் போனில் தெரிந்து லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் அதற்கு அந்த அலைவரிசை கிடையாது. அதற்காக லேப்டாப்பை மாற்றாதே. இரண்டு அலைவரிசையும் எடுக்கும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் போதும்.

லேப்டாப்பில்தான் கோளாறு என்றால், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் சக்தியை மிச்சப்படுத்த அடாப்டரை நிறுத்தலாம் என்ற டிக்கை எடுத்துவிடு. சில புது லேப்டாப்பில் அந்தப் பக்கம் இருக்காது. வைஃபை டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. வெளி ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தால் கழற்றிப் பார். யுஎஸ்பி 3 சாதனங்கள் 2.4 அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். எதிலும் சரியாகாவிட்டால் லேன் ஒயர் போட்டு வேலையைப் பார். மீட்டிங்குக்கு அதைவிட நம்பகமானது கிடையாது.

கரண்ட்டை மறக்காதே. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 மணிக்கே போய்விடும். இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் அந்த இமைப்பொழுதில் சில ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும், நெட் திரும்பச் சில நிமிடம் பிடிக்கும். ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் அச்சடித்திருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து அதற்குப் பொருந்துவதாக வாங்கு. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் பவர் வேண்டும்.

லைன் கோளாறு என்றால் ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கைப் பார். சிவப்பு எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை. பெட்டிக்குப் பின்னால் ஃபைபர் ஒயர் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று பார். கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்துவிடும். கழன்ற முனையைக் கண்ணருகே கொண்டுபோகாதே. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கம்பத்து ஒயருக்கு என்ன உத்தரவாதம்? வீட்டு நெட் எந்தக் கம்பெனியோ, அதைத் தவிர வேறு கம்பெனி சிம் ஒன்றை ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துக்கொள்.

புகார் சொல்லும்போது 'நெட் ஸ்லோ' என்று மட்டும் சொல்லாதே. எத்தனை மணிக்குப் போனது, எல்ஓஎஸ் சிவப்பா, ரூட்டர் பிங் நின்றதா என்று சொல். இரண்டு கறுப்புத் திரையையும் போட்டோ எடுத்து அனுப்பு. சரிசெய்யாவிட்டால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குப் புகார் எண் தேவை, போனை வைக்கும் முன் கேட்டு எழுதிக்கொள்.