துபாய் மகனா, சிங்கப்பூர் மகனா?

கேள்வி: மூத்தவன் துபாயில், சின்னவன் சிங்கப்பூரில். இருவருமே டிக்கெட் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். சென்னையில் காலை 10 மணிக்கு ஏறினால் துபாயில் பகல் 12.45க்கு இறங்கிவிடலாம். அதே 10 மணிக்கு சிங்கப்பூர் விமானம் ஏறினால் இறங்க மாலை 4.50 ஆகிறது. "சின்னவன்தான் ரொம்பத் தூரம், பேசாம துபாய்க்குப் போங்க அண்ணி" என்கிறாள் கடலூரில் இருக்கும் என் நாத்தனார். அவள் சொல்வது சரியா?

– வாசகி, சிதம்பரம்

பதில்: அம்மா, டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் கடிகாரம், இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். முதலாவதில் ஒன்றரையைக் கூட்டுங்கள், இரண்டாவதில் இரண்டரையைக் கழியுங்கள். 4 மணி 15 நிமிடம், 4 மணி 20 நிமிடம். இந்த ஐந்து நிமிடத்துக்கா நாத்தனாரோடு வழக்கு!

தூரமும் அப்படித்தான். உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால், சென்னையிலிருந்து இரண்டு ஊருமே சுமார் 2,930 கி.மீ.

சிங்கப்பூர்க் கடிகாரம்தான் கொஞ்சம் குறும்புக்காரக் கடிகாரம். சூரியக் கணக்குப்படி 15 பாகைக்கு ஒரு மணி. சென்னை 80 பாகையில், துபாய் 55இல், சிங்கப்பூர் 104இல் இருக்கின்றன. ஆக இரு பக்கமும் ஒன்றரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வர வேண்டும். ஆனால் 1982 பிறந்தபோது, தன் தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வேண்டுமென்று மலேசியா கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதற்கு முன்பே அங்கே கடிகாரம் சூரியனை முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மணிக்கு விடிகிறது என்று சின்னவனைக் கேட்டுப் பாருங்கள், ஏழு என்பான்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் வளைகுடாவுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே மேற்கிலிருந்து பலத்த காற்றோடை வீசும். துபாய் போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளிவிடும். மூத்தவனிடம் போய்வந்தால், வருகிற நேரம் போன நேரத்தைவிடக் குறைவாக இருப்பது அதனால்தான். தென்மேற்குப் பருவத்தில் நம் தலைக்கு மேலேயே, விமானம் பறப்பதைவிட உயரத்தில், கிழக்கிலிருந்து இன்னொரு காற்றோடை ஓடும். 1958இல் அதை ஆராய்ந்து எழுதியவர் நம் வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம்.

உங்கள் ஊர்ப் பெயரிலேயே எம்.வி. சிதம்பரம் என்று ஒரு கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. 1985 தீவிபத்து வரை அதில் நாட்கணக்கில் போனவர்கள், இந்த நாலு மணி நேரக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார்கள்.

சிதம்பரத்திலிருந்து சென்னையைவிடத் திருச்சி விமான நிலையம் கிட்டே. அங்கிருந்து துபாய் சுமார் 2,940 கி.மீ., சிங்கப்பூர் சுமார் 2,980. நாத்தனார் விடமாட்டார் என்றால், மூத்தவன் நாற்பது கி.மீ. பக்கம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். காக்கை பறக்கும் கணக்கில், உங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் உள்ள தூரம் அது.