மாதத்தைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள்

யாங்கோனுக்குக் கிழக்கே, தன்லின் பாலம் தாண்டிச் சௌத்தான், தொங்வா, கயான் வரை விரியும் சமவெளியின் ஜனவரி மாதச் செயற்கைக்கோள் படத்தை மாணவர்கள் முன் வைத்தால், அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நெல் வயல், சயாமா (டீச்சர்)." பச்சையாக இருக்கிறது, கட்டம் கட்டமாக இருக்கிறது, கழிமுகத்துப் பூமி, வேறென்ன இருக்க முடியும் என்று நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் இங்கே மழைக்கால நெல் ஜூன், ஜூலையில் நடப்பட்டு நவம்பர், டிசம்பரில் அறுவடையாகிவிடும். ஜனவரியில் அந்த நிலத்தில் நிற்பது பெரும்பாலும் பாசிப்பயறும் உளுந்தும். அறுத்த வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தைக் குடித்தே வளர்ந்து, பிப்ரவரி, மார்ச்சில் கைக்கு வந்துவிடும் பயிர்கள். இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரிலிருந்துதான் போகிறது. சென்னையில் இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்து, சில மாதங்களுக்கு முன் இப்படியொரு படத்தில் பச்சைப் புள்ளியாக இருந்திருக்கலாம்.

யாங்கோனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித் தருகிறேன். கிராமத்து நிலப் பயன்பாடு, மக்கள்தொகை பற்றி ஒரு வரைபடத்தையும் ஒரு வான்படத்தையும் ஒரு வரைகோட்டையும் கொடுத்து 'விளக்குக' என்று கேட்கும் வினாவில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் மதிப்பெண்ணை விடுகிறார்கள். இதைச் சொல்லித்தரத் தேர்வு ஒரு காரணம்தான். எந்த நிலம் யாருக்குப் போகும், புயலுக்குப் பிறகு நிவாரணப் படகு எந்த ஊருக்குப் போகும் என்பதெல்லாம் இந்த நாட்டில் வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் கிராமங்களிலும் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஆகவே வண்ணத்தைப் பார்க்கும் முன் தேதியைத் தேடச் சொல்கிறேன். ஏப்ரல் படத்தில் இந்தச் சமவெளி முழுக்கப் பழுப்பாக இருக்கும். அது தரிசு நிலம் இல்லை. மழைக்குக் காத்திருக்கும் வயல். ஜூலைப் படத்தில் எங்கும் நீராகத் தெரியும். அது வெள்ளமாக இருக்க வேண்டியதில்லை. நடவுக்குக் கட்டிய தண்ணீராக இருக்கலாம். 1992 முதல் அரசு ஊக்கம் கொடுத்துப் பரப்பிய கோடை நெல்லும் கணக்கில் வர வேண்டும். ஜனவரியில் ஓடைக்கரையை ஒட்டி, பச்சைக்கு நடுவே நீரின் கருமையும் தெரிந்தால் அது பாசன நெல்லாக இருக்கலாம். நீரே இல்லாமல் மேடு வரைக்கும் பச்சை ஏறியிருந்தால் பயறு. அது பாசிப்பயறா, உளுந்தா என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். தொங்வா பக்கத்துத் தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் அச்செடுத்த படத்தைக் காட்டியபோது அவர் தயங்கவே இல்லை: "எங்க பக்கம் பாசிப்பயறும்மா. பெகு பக்கம் போனா உளுந்து. யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே." கேட்பதும் வரைபட வாசிப்பில் ஒரு பகுதி என்று அதன் பிறகு என் பாடக் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

தேதியின் முக்கியத்துவத்தை நர்கிஸ் புயலின் இரட்டைப் படத்தைப் போல வேறெதுவும் உணர்த்துவதில்லை. 2008 மே 2 அன்று புயல் கரையேறியது. நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி, அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்றும் மே 5 அன்றும் எடுத்த படங்களை அருகருகே வைத்து வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு அகச்சிவப்பு ஒளியையும் கலந்த படங்கள் அவை. முதல் படத்தில் ஆறுகளும் கடற்கரையும் தெளிவான கோடுகளாக இருக்கின்றன. இரண்டாவதில் கடலோரச் சமவெளி முழுதும் நீர் நிறமாகி, நிலம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. முதல் படம் ஆகஸ்டில் எடுத்ததாக இருந்திருந்தால் இந்த வேறுபாட்டில் பாதி மழைநீருக்கே போயிருக்கும். வறண்ட காலத்துப் படத்தை ஒப்பிட எடுத்ததால்தான் புயல் கொண்டுவந்த நீர் தனியாகத் தெரிகிறது.

அதே படத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மோடிஸ் கருவியின் மிக நுணுக்கமான பிக்சலே 250 மீட்டர் சதுரம், அதாவது ஏறத்தாழ 15 ஏக்கர். 5 ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அதில் ஒரு புள்ளியின் மூன்றில் ஒரு பங்கு. எந்த மாவட்டம் மூழ்கியது என்று அந்தப் படம் சொல்லும். எந்தக் கிராமத்தில் எந்தப் பகுதி என்று சொல்லாது. அதற்கு 30 மீட்டர் பிக்சலுடைய லேண்ட்சாட் படமோ, 2015 முதல் கிடைக்கும் 10 மீட்டர் சென்டினல் படமோ வேண்டும். இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்த்து ஏறக்குறைய 1,38,000 பேர் என்பது எந்தப் படத்திலும் இல்லை. அதை எந்த மாணவரும் சொல்லாவிட்டாலும் நான் சொல்லிவிடுவேன்.

வரைபடத்துக்கு வருகிறேன். பழைய 'ஓரங்குல' நிலவரைபடத்தில் ஓர் அங்குலம் ஒரு மைல். கழிமுகப் பகுதித் தாளை விரித்தால் ஊர்கள் வட்டமாக இருக்காது. ஓடையின் இரு கரையிலும் நூல் பிடித்தாற்போல நீண்டு கிடக்கும். கரை சற்று மேடு, போக்குவரத்து படகில், பின்னால் வயல். வளைந்து வளைந்து போகும் ஓடைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நேராக ஓடினால் அதை மனிதர் வெட்டியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். யாங்கோன் ஆற்றை ஐராவதியோடு சேர்க்கும் துவாந்தே கால்வாய் அப்படி 1880களில் வெட்டப்பட்டது. இப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மாவட்டம் முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்பும் மக்கள் அடர்த்தி வரைபடம் போதாது. 2014 கணக்கெடுப்பின்படி யாங்கோன் பிராந்தியத்தின் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 716 பேர், நாடு முழுதுக்கும் 76 பேர். அடர் சிவப்பில் தெரியும் அந்த யாங்கோனுக்குள்தான் கோகோ தீவுகளும் அடக்கம். அந்தமானுக்கு அருகே, கடல் நடுவில் இருப்பவை. தாளின் மூலையில் தனிக் கட்டத்துக்குள் போட்டிருப்பார்கள். அதே யாங்கோனில் 70 சதவீதம் நகரவாசிகள் என்றதும் கிராமங்களே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். மீதி 30 சதவீதம் என்பது 22 லட்சம் பேர். சதவீதத்தைப் பார்த்தால் எண்ணிக்கையையும், எண்ணிக்கையைப் பார்த்தால் சதவீதத்தையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நில வகைகளுக்கான குறிப்புப் பட்டையில் நான் அதிக நேரம் நிற்பேன். பர்மிய நிலப் பதிவேடுகளில் 'லெ' நெல் வயல், 'யா' மேட்டு நிலம், 'கைங்', 'சூன்' ஆற்றுப் படுகையும் தீவும், 'தனி' கூரை வேயும் நீர்ப்பனை வளரும் நிலம், பிறகு தோட்டம், மலைச்சரிவில் காட்டை வெட்டி இடம் மாற்றிப் பயிரிடும் 'தவுங்யா'. இந்தக் கடைசி வகையில்தான் மனிதர்கள் காணாமற்போகிறார்கள். ஒரு சரிவில் ஓராண்டு இரண்டாண்டு விதைத்துவிட்டு, பல ஆண்டுகள் அதை ஆறப்போடுவார்கள். ஆறும் காலத்தில் எடுத்த படத்தில் அது புதர்க்காடு. அந்தப் படத்தை வைத்து வரைந்த வரைபடத்தில் அது 'காலி நிலம்'. 2012இல் வந்த காலி, தரிசு, கன்னி நிலச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட நிலத்தை அரசு, நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் அதில் பயிரிடுபவர் சிறைக்கும் போகலாம். ஆகவே வரைபடத்தில் 'காலி' என்ற நிறத்தைக் கண்டால், யார் கண்ணுக்குக் காலி, எந்த ஆண்டில் காலி என்று இரண்டு கேள்வியை ஓரத்தில் எழுதச் சொல்வேன். பத்தாண்டு இடைவெளியில் எடுத்த பல படங்களை அடுக்கிப் பார்த்தால் அந்தக் 'காலி' நிலத்தில் வயல்கள் தோன்றி மறைந்து தோன்றுவது தெரியும். லேண்ட்சாட் தொகுப்பு 1972 முதல் இருக்கிறது, 2008 முதல் இலவசம்.

வரைகோடுகளில் நான் விடாமல் கற்பிக்கும் ஒன்று நம் ஆட்களைப் பற்றியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 5,70,000 ஏக்கர், மொத்தத்தில் 6 சதவீதம். 1937இல் 24,46,000 ஏக்கர், 25 சதவீதம். ஏழே ஆண்டில் செங்குத்தாக ஏறும் இரண்டு தூண்கள். பார்த்தவுடன் வரும் வாசகம், 'செட்டியார்கள் நிலத்தை வாங்கிக் குவித்தார்கள்' என்பது. பர்மிய நண்பர்கள் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் வெவ்வேறு குரலில் இதையே கேட்டிருக்கிறேன். அதே ஆண்டுகளுக்கான நெல் விலைக் கோட்டை அடியில் வரைந்து பாருங்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. நல்ல விலை இருந்த நாளில் நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கிய உழவரால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. பணமாகத் திரும்ப வேண்டிய கடன் நிலமாகத் திரும்பியது. லேவாதேவிக்காரருக்கு முதல் முடங்கியது. உழவருக்கு நிலம் போனது. இரண்டு இழப்பும் ஒன்றல்ல. நிலம் போனவர் அதே வயலில் குத்தகைக்காரராக நின்றார், அந்த வலி பெரிது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் தூண்களை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடே கண்ணில் படாது.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது இன்னொன்று. 1930க்கும் 1937க்கும் தனித்தனியாக நிலப் பயன்பாட்டு வரைபடம் வரைந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். 1930இலும் நெல், 1937இலும் நெல். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலத்தின் உரிமை கைமாறியது, ஒரு நிறம்கூட மாறவில்லை. பயன்பாடு வேறு, உரிமை வேறு என்று பாடநூல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதை இந்த இரண்டு தாள்களை வைத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை. 'கீழ்ப் பர்மாவின் 13 மாவட்டங்கள்' என்ற தலைப்பை விட்டுவிட்டுப் 'பர்மாவின் கால் பங்கு' என்று எழுதுவோரும் உண்டு. தலைப்பில் ஒரு சொல்லையும் தள்ளிவிட்டுப் படிக்கக் கூடாது.

மக்கள்தொகை வரைகோட்டில் கேட்க வேண்டியவை, எந்த மாதத்தில் எண்ணினார்கள், உண்மையிலேயே எண்ணினார்களா, மதிப்பிட்டார்களா என்பவை. 1931 பிப்ரவரிக் கணக்கில் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், 4,00,415 பேர். அவர்களில் 2,12,929 பேர், பாதிக்கு மேல், இந்தியர்கள். பிப்ரவரி என்பது அரிசி ஆலைகள் இரவு பகலாக ஓடும் காலம், கடல் தாண்டிக் கூலிக்கு வந்தவர்கள் ஊரில் இருக்கும் காலம். அதே கணக்கை மழைக்காலத்தில் எடுத்திருந்தால் எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும். அந்த இந்தியர்களின் வயதுக் கூம்பை வரைந்தால் ஆண்கள் பக்கம் மட்டும் வீங்கித் தெரியும். உழைக்க வந்தவர்களின் ஊர் அப்படித்தான் தெரியும். இன்றைய கழிமுகக் கிராமங்களில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 2014இல் வெளிநாட்டில் இருந்ததாகக் குடும்பங்கள் சொன்னவர்கள் 20 லட்சத்துக்கு மேல், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் தாய்லாந்தில். நர்கிஸுக்குப் பிறகு கழிமுகத்திலிருந்து கிளம்பிய பல குடும்பங்கள் யாங்கோன் ஓரத்திலுள்ள லைங்தாயாவுக்கு வந்தன. 1980களின் இறுதிவரை வயலாக இருந்த இடம் அது. 2014இல் 6,87,867 பேர், நாட்டிலேயே அதிக மக்கள் வாழும் நகரியம். கூம்பில் இளைஞர் வயது உள்ளே குழிந்திருந்தால் பிறப்பு குறைந்தது என்று எழுதும் முன், அவர்கள் எங்கே போனார்கள் என்று தேடுங்கள்.

1941 கணக்கின் பெரும்பகுதி போரில் அழிந்தது. பிறகு நாடு தழுவிய கணக்கு எடுத்தது 1973, 1983. அதற்கு அப்புறம் 31 ஆண்டு இடைவெளி விட்டு 2014. அந்த ஆண்டின் 5 கோடியே 15 லட்சத்திலும் 12 லட்சம் பேர் எண்ணப்படாமல் மதிப்பிடப்பட்டவர்கள். 2024 அக்டோபரில் நடந்த கணக்கெடுப்பில் மொத்தம் 5 கோடியே 13 லட்சம். நாட்டில் நடக்கும் சண்டையால் அதில் 1 கோடியே 91 லட்சம் பேர் நேரில் எண்ணப்படாமல் மதிப்பீட்டில் வந்தவர்கள். இவற்றை ஒரே கோட்டால் இணைத்து 'மக்கள்தொகை குறைகிறது' என்று சொல்வது பொறுப்பில்லாத வேலை. எண்ணிய ஆண்டுக்குக் கரும்புள்ளி, மதிப்பிட்டதற்கு வெறும் வட்டம், இடையில் விட்டுவிட்டுப் போகும் கோடு. இதை நான் கட்டாயப்படுத்துகிறேன்.

நேரில் போக முடியாத இடத்தில் வான்படத்தைப் பார்த்து எப்படி மதிப்பிடுவது என்பதையும் பிள்ளைகளைச் செய்து பார்க்க வைக்கிறேன். ஒரு கிராமத்தின் படத்தில் கூரைகளை எண்ண வேண்டும், சராசரிக் குடும்ப அளவான 4.4ஆல் பெருக்க வேண்டும். எண்ணத் தொடங்கியதும் சிக்கல் வரும். துத்தநாகத் தகடு பளிச்சென்று தெரியும். நீர்ப்பனைக் கூரை கோடையில் மண்ணோடு கலந்துவிடும். மடாலயமும் நெல் கிடங்கும் வீடு போலவே தெரியும். பூட்டிய வீட்டுக்கும் கூரை உண்டு. 120 கூரைகளைக் கண்டு '528 பேர்' என்று எழுதிய தாளுக்குப் பாதி மதிப்பெண். '400இலிருந்து 550க்குள், ஏப்ரல் படம், ஓலைக்கூரை விடுபட்டிருக்கலாம், பூட்டிய வீடுகள் எத்தனை என்று ஊர்க்காரரிடம் கேட்க வேண்டும்' என்று எழுதும் தாளுக்கு முழு மதிப்பெண் போடுகிறேன்.