ஒரகடத்து ஆலைகளும் ஊராட்சியின் ரசீதுப் புத்தகமும்



சொத்து வரித் தள்ளுபடி அமெரிக்க நகர மன்றங்களின் அன்றாட அலுவல். பாழடைந்த ஆலையையோ கடைத்தெருவையோ ஒருவர் புதுப்பித்துக் கட்ட முன்வந்தால், அதனால் கூடும் மதிப்புக்கு இத்தனை ஆண்டுகள் வரி இல்லை என்று மன்றம் வாக்கெடுத்து முடிவு செய்கிறது. எதிர்ப்பவர்கள் அதே கூட்டத்தில் எழுந்து பேசுகிறார்கள். பாடநூலில் படித்த இந்தக் காட்சியை அப்படியே பெயர்த்து ஸ்ரீபெரும்புதூரில் நட்டுவிடும் வழக்கம் மாணவர் கட்டுரைகளில் பெருகிவருகிறது. அதை அடுத்த ஒரகடத்து ஊராட்சி மன்றம் கார் கம்பெனிக்கு ஏன் வரிச்சலுகை கொடுத்தது என்ற கேள்வியும் அப்படி வந்ததுதான். ஊராட்சி மன்றம் எதையும் கொடுக்கவில்லை. அந்த முடிவு அதன் மேசைக்கு வருவதே இல்லை.

பாக்ஸ்கான் நிறுவனம் இங்கும் உண்டு, அங்கும் உண்டு, ஒப்பிட வசதியானது. 2017இல் அது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 13,000 பேருக்கு வேலை தருவதாக அறிவித்தபோது, மவுண்ட் பிளசன்ட் என்ற கிராமத்தின் மன்றமே ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக உட்கார்ந்தது. நிலம் வாங்கவும் தண்ணீர்க் குழாய் போடவும் கிராமம் கடன் வாங்கியது. பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டது: ஆலை எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் 2023 முதல் சொத்தின் மதிப்பு 140 கோடி டாலருக்குக் குறையாதது போல் நிறுவனம் வரி கட்ட வேண்டும். 2021இல் மாநில அரசின் ஒப்பந்தம் 1,454 வேலைகளாகச் சுருங்கியது. கிராமம் எழுதி வாங்கிய உறுதி மட்டும் அப்படியே நின்றது. அந்த மன்றம் கெட்டிக்காரத்தனமாக நடந்ததா, வீடுகளை இழந்தவர்களுக்கு நியாயம் செய்ததா என்பது வேறு விவாதம். பேரம் பேசும் இருக்கை அதற்கு இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் அந்த இருக்கை தலைமைச் செயலகத்தில் இருக்கிறது. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோதும், 2005இல் நோக்கியா வந்தபோதும், 2008இல் ரெனோ–நிசான் ஒரகடத்துக்கு ஒப்புக்கொண்டபோதும் கையெழுத்திட்டது மாநில அரசு. சலுகைகளும் மாநிலத்தின் பையிலிருந்தே போயின: விற்பனை வரி, பிறகு மதிப்புக் கூட்டு வரி (வாட்), இப்போது மாநில ஜி.எஸ்.டி. திருப்பித் தருவது; மின்சார வரி விலக்கு; முத்திரைக் கட்டண விலக்கு; முதலீட்டு மானியம். தகராறுகளும் அதே மட்டத்தில்தான் நடந்தன. நோக்கியாவிடம் சுமார் 2,400 கோடி ரூபாய் வாட் கேட்டது மாநில வணிக வரித் துறை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. வாக்களித்த ஊக்கத்தொகை வரவில்லை என்று 5,000 கோடிக்கு மேல் கேட்டுப் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் வரை போன நிசான் 2020இல் சமரசம் செய்துகொண்டது. இத்தனையிலும் ஓர் ஊராட்சித் தீர்மானம்கூடத் தேவைப்படவில்லை.

ஊராட்சிக்கு உரிய வரிகளில் முக்கியமானவை மூன்று: வீட்டு வரி, தொழில் வரி, பத்திரப்பதிவில் பிறக்கும் மேல்வரி. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஆலைக் கட்டடமும் வீட்டு வரிக்குள்தான் வரும். விலக்குப் பெறும் கட்டடங்கள் எவை என்பதையும் சட்டமும் விதிகளுமே சொல்லிவிடுகின்றன. நகர்ப்புறத்திலும் இதே கதைதான்: நகராட்சிகளுக்கான 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் வழிபாட்டிடம், சத்திரம், பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாம் இருந்தன, முதலீட்டாளருக்கு இடமில்லை. மன்றமோ செயல் அலுவலரோ இரக்கம் காட்ட அந்தச் சட்டம் விட்டுவைத்த சிறிய சந்து, ஓர் அரையாண்டில் 30 நாளுக்கு மேல் காலியாகக் கிடக்கும் கட்டடத்துக்குப் பாதி வரை வரிக் கழிவு. அது தொழிலை இழுக்க வந்த சலுகை அல்ல. வாடகைக்கு ஆள் கிடைக்காத வீட்டுக்காரருக்காக எழுதப்பட்டது. 2023 ஏப்ரலில் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னும் அதிகாரத்தின் திசை மாறவில்லை. 2022இல் சொத்து வரியைக் குடியிருப்புகளுக்கு 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தியதும் முதலில் அரசாணைதான், மன்றத் தீர்மானங்கள் பின்னால் வந்தன.

யாரும் சலுகை தராமலே ஆலை தப்பிக்கும் இடம் இயந்திரம். கார் ஆலையில் போட்ட பணத்தின் பெரும்பகுதி தகடு அழுத்தும் பிரஸ்ஸிலும் ரோபோவிலும் பெயின்ட் பட்டறையிலும் கிடக்கிறது. வீட்டு வரியோ சுவரையும் கூரையையும் பரப்பையும் பார்க்கும். நகராட்சிச் சட்டமும் ஆண்டு மதிப்பைக் கணக்கிடும்போது உள்ளே இருக்கும் இயந்திரத்தையும் தளவாடத்தையும் ஒதுக்கிவிட்டது. பல்லாயிரம் கோடி என்று செய்தித்தாளில் வரும் தொகை ஊராட்சியின் ரசீதில் ஒரு கொட்டகையாகத்தான் தெரியும். தொழில் வரி கொஞ்சம் தாராளமானது: ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஊரில் சம்பளப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஆனால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு 1988இல் வைத்த வரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

பத்திர மேல்வரிதான் யாரும் கவனிக்காத இடம். இங்கே சற்று நிதானிப்பது நல்லது. ஒரு கிரயப் பத்திரத்துக்குக் கட்டும் 7 விழுக்காட்டில் 2 விழுக்காடு உள்ளாட்சிக்குச் சேர வேண்டியது. மாநிலத் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட்டின் ஒரகடத்து நிலம் கைமாறும் விதத்தைப் பார்க்க வேண்டும். விவசாயியிடமிருந்து அரசு அதைக் கையகப்படுத்துகிறது. அதற்காகவே 1997ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. பிறகு சிப்காட் அதை நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறது. இரண்டு கைமாற்றங்களில் ஒன்றுகூடக் கிரயம் அல்ல. ஏக்கர் ஏக்கராக நிலம் போயும் மேல்வரி பிறக்கவில்லை. பக்கத்தில் மனை போட்டு விற்பவர்களின் பத்திரங்களில்தான் அது பிறக்கிறது. ஆலை வந்ததால் ஊராட்சிக்கு வரவு என்று மேடையில் சொல்பவர்கள் மனை வியாபாரத்தின் வரவை ஆலையின் கணக்கில் எழுதுகிறார்கள்.

இன்னொரு கசிவும் உண்டு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பங்காக வருகிறது. நிறுவனம் வரி கட்டி, அரசு அதை ஊக்கத்தொகையாகத் திருப்பித் தந்தால் அது செலவுக் கணக்கு, பங்கு குறையாது. வரியையே விலக்கிவிட்டால் பங்குத் தொகையே சிறுத்துப்போகும். சலுகை எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பது குக்கிராமத்துத் தெருவிளக்கு வரை பாயும் விஷயம். பொருளாதாரப் பட்டதாரிகளும் இதைத் தாண்டிப் போவது எரிச்சலூட்டுகிறது.

ஒரகடம் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூரும் இருக்கிறது. சபை உறுப்பினரைக் குடத்தில் ஓலையிட்டுத் தேர்ந்தெடுத்ததைச் சொல்லும் அதன் குடவோலைக் கல்வெட்டைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சோழர் காலச் சபைகளின் வரிக் கணக்கைப் பேசுபவர் குறைவு. நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சி பற்றிய ஆய்வுத் தொகுப்பைத் திரும்பத் திரும்பப் படிப்பவர்க்குக் குடவோலையைவிட இதுவே சுவையானது. கோயிலுக்கோ ஏரிக்கோ ஒருவர் நிலம் விட்டு அதை இறையிலியாக்க, அதாவது வரியில்லா நிலமாக்கக் கேட்டால், சபை பல இடங்களில் முதலில் ஒரு தொகையைப் பொன்னாக வாங்கிக்கொண்டது. அந்த நிலத்தின்மேல் அரசனுக்குப் போக வேண்டிய வரி நிற்கவில்லை. வாங்கிய முதலைக் கொண்டு சபையே அதைக் கட்டும் பொறுப்பை ஏற்றது. கட்டாமல் விட்டால் யார் தண்டம் கொடுப்பது என்பது வரை சில கல்வெட்டுகள் பேசுகின்றன. விலக்கை அறிவிக்கும் அதே கல்லில் அதன் சுமையைத் தாங்குபவர் பெயரும் இருந்தது. பிராமணர்களும் நிலக்காரர்களும் நடத்திய சபை அது, குடியாட்சிக்கு முன்மாதிரி என்று கொண்டாடத் தேவையில்லை. கணக்கு முறை மட்டும் சுத்தமானது. இன்றைய அரசாணைகள் அதற்கு அருகில் வரவில்லை.

அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு வேறொரு வழியும் வைத்திருக்கிறது. நகராட்சிப் பணிகளை ஒரு தொழில் நிறுவனமே செய்யும் பகுதியைத் தொழில் நகரியமாக அறிவித்து, நகராட்சி அமைக்காமல் விடலாம். பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி 2013இல் அப்படி ஆனது. வரியை அங்குள்ள ஆணையம் வசூலித்து, ஒரு பகுதியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குத் தருகிறது. சாலை பளிச்சென்று இருக்கும். வாக்காளர் என்று ஒருவர் மட்டும் அதில் இல்லை.

கணக்கைக் காட்டும் முறையிலும் வேறுபாடு பெரிது. அமெரிக்காவின் அரசுக் கணக்கியல் தரநிலை வாரியம் 2015இல் வெளியிட்ட 77ஆம் தரநிலை, வரித் தள்ளுபடியால் எவ்வளவு வருவாய் போனது என்பதை உள்ளாட்சிகள் ஆண்டறிக்கையில் எழுதச் சொல்கிறது. வேறு அரசு கொடுத்த தள்ளுபடியால் தனக்கு ஏற்பட்ட இழப்பையும் ஓர் உள்ளாட்சி எழுத வேண்டும். ஒரகடத்துக்குப் பொருந்துவது இதுதான். இந்தியாவில் மத்திய அரசு 2006–07 வரவுசெலவுத் திட்டம் முதல் விட்டுக்கொடுத்த வருவாய்க்கு ஓர் அறிக்கை வைக்கிறது. ஊராட்சியிலோ கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்றே பத்தி. கிராம சபையில் வாசிப்பதும் அந்த மூன்றையே. மேலே கொடுக்கப்பட்ட சலுகையால் கீழே வராமல் போனது அந்த மூன்று பத்திகளில் எதிலும் விழாது.